ஒரு மதிப்பெண்ணுக்கு ஐந்நூறு ரூபாய்

இந்தோனேசியா 2005இல் ஆசிரியர்களுக்கென்று ஒரு சட்டம் இயற்றியது. சான்றிதழ் பெற்ற ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளத்துக்கு நிகரான தொகை மாதாமாதம் படியாகக் கிடைக்கும். ஒரே கையெழுத்தில் சம்பளம் இரட்டிப்பு. பிள்ளைகளின் படிப்பில் அதனால் வந்த உயர்வு பூஜ்யம்.

அதே 2005இல், பிரிவினைக்கு முந்தைய ஆந்திரப் பிரதேசத்தின் கிராமத் தொடக்கப் பள்ளிகள் சிலவற்றில், வகுப்பின் சராசரி மதிப்பெண் ஏறினால் ஆசிரியருக்குச் சிறு ஊக்கத்தொகை என்று அறிவித்தார்கள். ஆசிரியர் கைக்குச் சராசரியாக வந்தது ஆண்டுச் சம்பளத்தில் 3 சதவீதம்தான். இரண்டு ஆண்டு முடிவில் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் மற்றப் பள்ளிப் பிள்ளைகளைக் கணக்கில் 0.27 திட்ட விலக்கமும், மொழியில் 0.17 திட்ட விலக்கமும் முந்தியிருந்தார்கள்.

நூறு சதவீதம் கொடுத்த இடத்தில் ஒன்றுமில்லை, மூன்று சதவீதம் கொடுத்த இடத்தில் இவ்வளவு. ஆசிரியருக்கு ஊக்கம் இருந்தால் பிள்ளைகள் படிப்பார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த ஊக்கம் என்ன விலைக்கு, எதனால் வருகிறது என்று கேட்கும்போதுதான் பேச்சு குழம்புகிறது. கீழே வரும் கணக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான்: எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைவிட, கொடுப்பதை எதோடு முடிச்சுப் போடுகிறோம் என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது. முடிச்சு விழுந்த இடத்துக்குத்தான் ஆசிரியரின் உழைப்பு போகும். அது நல்ல இடமாகவும் இருக்கலாம், வெட்டி இடமாகவும் இருக்கலாம்.

அலகு

திட்ட விலக்கம் என்ற சொல்லைப் பார்த்து மிரள வேண்டாம். நூறு பிள்ளைகளைக் குறைந்த மதிப்பெண்ணிலிருந்து கூடிய மதிப்பெண் வரை வரிசையில் நிறுத்துங்கள். நடுவில், 50ஆவது இடத்தில் நிற்கும் பிள்ளைக்கு 0.27 திட்ட விலக்கம் ஏறினால் அது ஏறத்தாழ 61ஆவது இடத்துக்குப் போய்விடும். 0.17 ஏறினால் 57. 0.08 ஏறினால் 53. மற்ற பிள்ளைகள் இருந்த இடத்திலேயே நிற்பதாக வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது.

ஆந்திரக் கணக்கு

இந்தச் சோதனையை நடத்திய பொருளியல் அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும். களத்தில் இறங்கியது அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை. மாநில அரசும் உலக வங்கியும் துணை நின்றன. ஐந்து மாவட்டங்களில் 500 அரசுப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் நூறு நூறாகப் பிரித்தார்கள். 100 பள்ளிகளில் ஒவ்வொரு ஆசிரியருக்கும் அவரவர் வகுப்பின் உயர்வுக்கு ஏற்ற தொகை. 100 பள்ளிகளில் பள்ளி முழுவதன் உயர்வைப் பார்த்து எல்லாருக்கும் சமமான தொகை. 100 பள்ளிகளுக்குக் கூடுதலாக ஓர் ஒப்பந்த ஆசிரியர். 100 பள்ளிகளுக்குப் பிள்ளைகளுக்கான பொருட்கள் வாங்க ரொக்க மானியம். மீதி 100 பள்ளிகளுக்கு இவற்றில் எதுவும் கிடையாது.

தொகைக்கான விதி எளிமையானது. ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு தேர்வு, முடிவில் ஒரு தேர்வு. வகுப்புச் சராசரி எத்தனை சதவீதப் புள்ளி ஏறியிருக்கிறது என்று பார்த்து, அதில் முதல் 5 புள்ளியைக் கழித்துவிட வேண்டும். மிச்சமுள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் 500 ரூபாய். சராசரி 40இலிருந்து 52க்குப் போயிருந்தால் ஏற்றம் 12, அதில் 5 போக 7, ஆக 3,500 ரூபாய். ஆசிரியரே கரும்பலகையில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். கீழே இறங்கினால் அபராதம் இல்லை.

எனக்கு இந்தச் சோதனையில் பிடித்தது விதியைவிட அதைச் சுற்றிப் போட்ட வேலி. மந்தமான பிள்ளையைத் தேர்வு நாளில் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிடலாமே? முடியாது. தொடக்கத் தேர்வை எழுதிவிட்டு முடிவுத் தேர்வுக்கு வராத பிள்ளையின் ஏற்றம் பூஜ்யம் என்று எழுதப்படும், சராசரி தானாக இறங்கும். பரீட்சை அறையில் சொல்லிக்கொடுக்கலாமே? அதுவும் முடியாது. ஒவ்வொரு பள்ளிக்கும் வெளியிலிருந்து ஐந்து பேர் கொண்ட குழு வந்தது. எழுதுவது அந்தப் பிள்ளைதானா என்று சரிபார்த்தார்கள். விடைத்தாள்கள் அன்றைய மாலையே ஒரு பொது இடத்துக்குப் போய், மேற்பார்வையின் கீழ் திருத்தப்பட்டன. நம் ஊர்ப் பொதுத்தேர்வுக்குச் செய்யும் பந்தோபஸ்தை இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் செய்திருக்கிறார்கள்.

செலவு, ஒரு பள்ளிக்கு ஆண்டுக்குச் சுமார் 10,000 ரூபாய். பள்ளிக்கு நூறு பிள்ளைகள் என்று வைத்தால் தலைக்கு 100 ரூபாய். ஏறக்குறைய இதே பணத்தைக் கூடுதல் ஆசிரியராகவோ மானியமாகவோ கொடுத்த பள்ளிகளிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள், ஆனால் இரண்டு வகைப் பள்ளிகளையும் சேர்த்துப் பார்த்தால் 0.08 திட்ட விலக்கம் மட்டுமே. மேலே சொன்ன வரிசையில் 61ஆவது இடத்துக்கும் 53ஆவது இடத்துக்கும் உள்ள தூரம்.

பணம் எதை மாற்றியது? இங்கேதான் ஆச்சரியம். ஆசிரியர்கள் கூடுதல் நாட்கள் பள்ளிக்கு வரத் தொடங்கிவிடவில்லை. முன்னறிவிப்பில்லாமல் போய்ப் பார்த்தபோது ஊக்கத்தொகைப் பள்ளியிலும் சாதாரணப் பள்ளியிலும் நான்கில் ஒருவர் இல்லை. வித்தியாசம், வந்த நாளில் செய்த வேலையில் இருந்தது. தேர்வுக்கென்று தனி முயற்சி எடுத்ததாகச் சொன்னவர்கள் ஊக்கத்தொகைப் பள்ளிகளில் 64 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 32 சதவீதம். பயிற்சித் தேர்வு வைத்தவர்கள் 30க்கு 14. பள்ளி நேரத்துக்கு வெளியே வகுப்பு எடுத்தவர்கள் 16க்கு 5. பின்தங்கிய பிள்ளைகளைத் தனியாகக் கவனித்தவர்கள் 20க்கு 7.

வெறும் மனப்பாட ஏற்றமா என்ற சந்தேகம் நியாயமானதுதான். அதற்காகவே பாடப்புத்தக வடிவில் சில கேள்விகளும், புரிந்தால் மட்டுமே எழுதக்கூடிய சில கேள்விகளும் கலந்து கேட்டார்கள். இரண்டிலும் ஏற்றம் இருந்தது. அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் பைசா கிடையாது, அவற்றிலும் மதிப்பெண் ஏறியது. தொடக்கப் பள்ளியின் ஐந்து ஆண்டும் தனிநபர் ஊக்கத்தொகைப் பள்ளியிலேயே படித்து முடித்த பிள்ளைகளுக்குக் கணக்கில் 0.54, மொழியில் 0.35, பணம் இல்லாத அறிவியலில் 0.52, சமூக அறிவியலில் 0.30. படிக்கத் தெரிந்த பிள்ளை எந்தக் கேள்வித்தாளையும் படித்துவிடும் என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

குழுவுக்குப் பொதுவாகத் தொகை கொடுத்த பள்ளிகள் முதல் ஆண்டில் சளைக்கவில்லை. ஐந்தாம் ஆண்டுக் கணக்கில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரு பள்ளிக்குச் சராசரியாக மூன்றே ஆசிரியர்கள் இருந்த இடத்தில்கூட, 'அவர் பார்த்துக்கொள்வார்' என்பது புகுந்துவிட்டது.

கேமரா முன் நின்ற ஆசிரியர்

ஆந்திராவில் அசையாத வருகைப் பதிவேடு ராஜஸ்தானில் அசைந்தது. உதய்ப்பூர் மாவட்டத்தில் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம் ஓராசிரியர் மையங்களை நடத்திவந்தது. எட்டிய தொலைவில் அரசுப் பள்ளி இல்லாத குக்கிராமங்கள். ஆசிரியருக்கு மாதம் 1,000 ரூபாய். 2003இல் எஸ்தர் டுஃப்லோ, ரேமா ஹன்னா, ஸ்டீபன் ரயான் மூவரும் 57 மையங்களுக்கு ஆளுக்கொரு கேமரா கொடுத்தார்கள். நாள், நேரம் பதியும், திருத்த முடியாது. காலையில் ஒரு படம், குறைந்தது ஐந்து மணி நேரம் கழித்து இன்னொரு படம். ஆசிரியரோடு எட்டுப் பிள்ளைகளாவது தெரிய வேண்டும். ஒரு மாணவரே இரண்டு படத்தையும் எடுத்துக்கொடுப்பார்.

சம்பளம் இப்படி மாறியது: 20 நாள் வந்தால் 1,000 ரூபாய். அதற்கு மேல் வரும் ஒவ்வொரு நாளுக்கும் 50 கூடும், குறையும் ஒவ்வொரு நாளுக்கும் 50 பிடித்தம். எவ்வளவு குறைந்தாலும் 500க்குக் கீழே போகாது, எவ்வளவு வந்தாலும் 1,300க்கு மேல் போகாது.

கேமரா இல்லாத மையங்களில் ஆசிரியர் இல்லாத நாட்கள் 42 சதவீதம். கேமரா உள்ள மையங்களில் 21. சரிபாதி. பிள்ளைகளின் மதிப்பெண் ஓராண்டில் 0.17 திட்ட விலக்கம் ஏறியது.

இதை நாள் கூலியாக மாற்றிப் பார்க்கலாம். உச்சவரம்பான 1,300 ரூபாயிலிருந்து மாதத்துக்கு 26 வேலை நாள் என்று தெரிகிறது. பழைய முறையில் 58 சதவீத வருகை, அதாவது 15 நாள், சம்பளம் 1,000. நாளுக்கு 66 ரூபாய். புதிய முறையில் 79 சதவீதம், ஏறத்தாழ இருபதரை நாள், சம்பளம் 1,025 அளவில். நாளுக்கு 50 ரூபாய். நிறுவனத்தின் சம்பளச் செலவு ஏறக்குறைய அப்படியே நிற்க, ஒரு வகுப்பு நாளின் விலை கால்வாசி குறைந்துவிட்டது. கேமரா, ஃபிலிம், கணக்கு எழுதுபவர் செலவு தனி.

கண்காணிப்பு வேலை செய்ததா, காசு வேலை செய்ததா? ஆய்வாளர்கள் ஆசிரியர்களின் மாதக் கடைசி வருகையைத் தனியாகப் பார்த்தார்கள். மாதத்தில் பத்து நாளுக்கும் குறைவாக வந்து, இனி எத்தனை நாள் வந்தாலும் 500தான் என்று ஆகிவிட்ட ஆசிரியர், கேமரா அதே இடத்தில் இருந்தும், வருவதைக் குறைத்துக்கொண்டார். புதிய மாதம் முதல் தேதியில் மறுபடி வந்தார். படம் பிடிப்பது மட்டும் போதாது, படத்தோடு சம்பளம் முடிச்சுப் போடப்பட்டிருக்க வேண்டும்.

தவறாக விழுந்த முடிச்சு

கென்யாவின் மேற்குப் பகுதியில், 1998, 1999 ஆண்டுகளில், 100 பள்ளிகளில் 50ஐத் தேர்ந்து, மாணவர் தேர்வு முடிவை வைத்து ஆசிரியர்களுக்குப் பரிசு கொடுத்தார்கள். பரிசின் மதிப்பு மாதச் சம்பளத்தில் 21 முதல் 43 சதவீதம். ஆந்திரத் தொகையை ஒரு மாதச் சம்பளத்தோடு ஒப்பிட்டாலும் இதே அளவுதான் வரும். சோதனையை நடத்தியவர்களில் ஒருவர், பின்னாளில் டுஃப்லோவுடனும் அபிஜித் பானர்ஜியுடனும் 2019இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மைக்கேல் கிரெமர்.

பரிசுக்கு எண்ணப்பட்ட மாவட்டத் தேர்வில் மதிப்பெண் ஏறியது. ஆனால் ஆசிரியர் வருகை ஏறவில்லை, வீட்டுப்பாடம் கூடவில்லை, பாடம் நடத்தும் முறை மாறவில்லை. கூடியது ஒன்றே ஒன்று, தேர்வுக்கு முந்தைய சிறப்பு வகுப்புகள். பரிசோடு சம்பந்தமில்லாத தேர்வில் அதே பிள்ளைகளுக்குத் தெளிவான ஏற்றம் இல்லை. திட்டம் முடிந்த பிறகு அந்த ஏற்றமும் நீடிக்கவில்லை. ஆசிரியர்கள் முட்டாள்கள் அல்லர். எதற்குப் பரிசோ அதைச் செய்துகொடுத்தார்கள். நம்மூரில் பத்தாம் வகுப்பு நூறு சதவீதத் தேர்ச்சிக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்து, ஒன்பதாம் வகுப்பை யாரும் கேட்காத பள்ளிகளை அறிந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

அமெரிக்கக் கணக்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நியூயார்க்கில் 2007 முதல் 2010 வரை 200க்கும் மேற்பட்ட பள்ளிகளில், பள்ளி இலக்கை எட்டினால் ஆசிரியருக்குத் தலைக்கு 3,000 டாலர் என்ற கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை. நாஷ்வில் நகரில் நடுநிலை வகுப்புக் கணக்கு ஆசிரியர்களுக்கு மூன்று ஆண்டு, ஆளுக்கு 15,000 டாலர் வரை. மொத்தத்தில் அங்கும் பலன் இல்லை. நியூயார்க்கில் பணம் பெரிய பள்ளி முழுவதற்கும் பொதுவாக இருந்தது, இலக்கைக் கணக்கிடும் சூத்திரமும் சிக்கலானது. தான் இன்று மாலை கூடுதலாக அரை மணி நேரம் உட்கார்ந்தால் எத்தனை டாலர் என்று எந்த ஆசிரியராலும் சொல்ல முடியாது. ஆந்திர ஆசிரியருக்கு அது தெரியும். அதோடு, நான்கில் ஒருவர் பள்ளிக்கே வராத இடத்தில் கூட்டுவதற்கு இடம் நிறைய. ஏற்கெனவே முழு நேரமும் வகுப்பில் நிற்கிறவரிடம் எதைக் கூட்டுவது?

இல்லாத நாற்காலிகள்

2003இல் கிரெமர், முரளிதரன் உள்ளிட்ட குழு இந்தியாவில் 3,700 பள்ளிகளுக்குச் சொல்லாமல் போய்ப் பார்த்தது. அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் 25 சதவீதம் பேர் இல்லை. கிட்டத்தட்ட பாதிப் பேர்தான் அந்த நேரத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். மகாராஷ்டிரத்தில் 14.6 சதவீதம் இல்லை, ஜார்க்கண்டில் 41.9, தமிழ்நாட்டில் 21.3. கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளிக்குச் சொல்லும் 200 நாளில் 21.3 சதவீதம் என்றால் 42 நாளுக்கு மேல்.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு வரி: அதிகச் சம்பளம் வாங்கும் மூத்தவர்களும் தலைமை ஆசிரியர்களும்தான் இளையவர்களைவிட அதிகம் காணாமல் போயிருந்தார்கள். தொடர்ந்து வராத ஆசிரியரை வேலையை விட்டு நீக்கியதாகச் சொன்ன தலைமை ஆசிரியர், கேட்கப்பட்ட ஏறத்தாழ 3,000 பேரில் ஒருவர். சம்பளத்துக்கும் வருகைக்கும் இடையில் முடிச்சே இல்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? கட்டடம், கழிப்பறை போன்ற வசதிகள் நன்றாக உள்ள பள்ளிகளில் ஆசிரியர்கள் கூடுதலாக வந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு பெண் ஆசிரியருக்குக் கழிப்பறை இல்லாத பள்ளியில் எட்டு மணி நேரம் என்றால் என்ன என்பதை வருகைப் பதிவேடு சொல்லாது.

2010இல் மறுபடி எண்ணியபோது கிராமப்புறங்களில் 26.3 சதவீதமாக இருந்தது 23.6க்கு வந்திருந்தது. அனுமதியில்லாத விடுப்புக்குப் போன சம்பளம் ஆண்டுக்குச் சுமார் 150 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள்.

இந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர்களைத் திருடர் என்று சொல்லக் கிளம்புகிறவர்கள் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளையின் 2017 அறிக்கையையும் படிக்க வேண்டும். ஆறு மாநிலங்களில் 619 பள்ளிகள். ஆசிரியர் பள்ளியில் இல்லாதது 18.5 சதவீதம். அந்த 18.5இல் காரணமே இல்லாமல் வராதவர்கள் 2.5 மட்டும். மீதிப் பேர் விடுப்பிலோ, பயிற்சியிலோ, துறை அனுப்பிய வேறு வேலையிலோ இருந்தார்கள். பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான், நாற்காலி காலி. ஆனால் ஆசிரியரைத் தண்டிக்கும் முன் நாற்காலியைக் காலி செய்தது யார் என்று பார்க்க வேண்டும்.

வந்த ஆசிரியரின் நேரமும் எங்கே போகிறது என்பதற்கு 2018இல் தேசியக் கல்வித் திட்டமிடல், நிர்வாக நிறுவனம் ஒரு கணக்கு வெளியிட்டது. உத்தராகண்ட், மகாராஷ்டிரம், குஜராத், ஒடிசா என்று நான்கு மாநிலங்களில் எடுத்தது. ஆசிரியரின் ஆண்டுப் பள்ளி நேரத்தில் கற்பித்தலுக்குப் போனது 19.1 சதவீதம். கற்பித்தலுக்கு வெளியே உள்ள பள்ளியின் முக்கிய வேலைகளுக்கு 42.6, பள்ளி சார்ந்த பிற வேலைகளுக்கு 31.8, வேறு துறைகளின் வேலைக்கு 6.5. தொடக்கப் பள்ளிக்குச் சட்டம் சொல்லும் 800 மணி நேரத்துக்கு இதைப் பொருத்தினால் 153 மணி நேரம், நாளுக்கு 46 நிமிடம். தோராயமான பெருக்கல்தான், ஆனாலும் ஒரு பாடவேளைக்கு மேல் தேறவில்லை. கல்வித்துறையின் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றிக்கொண்டு, ஒரு கண் கைபேசியிலும் ஒரு கண் வகுப்பிலுமாக இருந்த தமிழ்நாட்டு ஆசிரியர் எவரும் இந்த எண்ணைப் பார்த்துத் திடுக்கிட மாட்டார்.

விவரம் சேர்ப்பதால் மட்டும் படிப்பு வராது என்பதற்கும் ஆந்திராவிலேயே சான்று இருக்கிறது. 500 பள்ளிகளுக்கும் ஒவ்வொரு பிள்ளையும் எதில் பின்தங்கியிருக்கிறது என்ற விரிவான அறிக்கை போனது, அவ்வப்போது ஆட்கள் வந்தும் பார்த்தார்கள். வேறு எதுவும் தரப்படாமல் அறிக்கையும் பார்வையிடலும் மட்டும் பெற்ற 100 பள்ளிகளை, அவைகூட இல்லாத பள்ளிகளோடு ஒப்பிட்டார்கள். ஆள் வந்து பார்த்த நேரத்தில் ஆசிரியர்கள் சுறுசுறுப்பாக இருந்தார்கள். ஆண்டு முடிவு மதிப்பெண்ணில் வித்தியாசம் இல்லை. ஊக்கத்தொகைப் பள்ளிகளிலோ அதே அறிக்கையை ஆசிரியர்கள் உண்மையிலேயே பயன்படுத்தினார்கள்.

வேலையைப் பிரித்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டின் அங்கன்வாடிகள் சாட்சி. 640 மையங்களில் பாதிக்கு, முன்பருவக் கல்விக்கென்றே மாதம் 4,000 ரூபாயில் அரைநாள் பணியாளர் ஒருவரைச் சேர்த்தார்கள். ஊட்டச்சத்து, பதிவேடு, படிப்பு எல்லாவற்றையும் தனியாகச் சுமந்த அங்கன்வாடி ஊழியர் மற்ற வேலைகளுக்கு நேரம் பெற்றார். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. பதினெட்டு மாதத்தில், மையத்தில் வைத்த தேர்வில் கணக்கில் 0.29, மொழியில் 0.46. யாரையும் கடிந்துகொள்ளவில்லை, யாருக்கும் பரிசும் இல்லை.

மலிவான கைகள்

சங்கடமான பக்கம் ஒன்று இருக்கிறது. ஆந்திரச் சோதனையில் சேர்த்த ஒப்பந்த ஆசிரியருக்கு நிரந்தர ஆசிரியரின் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். பயிற்சியும் குறைவு. ஆனால் ஒப்பந்த ஆசிரியர் வராதது 18 சதவீதம், நிரந்தர ஆசிரியர் வராதது 27. கூடுதல் ஒப்பந்த ஆசிரியர் இருந்த பள்ளிகளில் இரண்டு ஆண்டில் கணக்கு 0.16, மொழி 0.15 ஏறியது. அடுத்த ஆண்டு ஒப்பந்தம் நீளுமா என்ற கேள்வியும் ஒரு முடிச்சுதான்.

கொரோனாவுக்குப் பிறகு தமிழ்நாட்டில் இல்லம் தேடிக் கல்வி என்ற மாலை வகுப்புகளை நடத்திய தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரப்பட்டது. இருபது பிள்ளைக்கு ஒருவர் என்றால் பிள்ளைக்கு மாதம் 50 ரூபாய். கிராமப்புறத்தில் சுமார் 19,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், பள்ளி மூடியிருந்த காலத்தில் கணக்கில் 0.7 திட்ட விலக்கமும் தமிழில் 0.34உம் இழந்திருந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 சதவீதம் இந்த மாலை வகுப்புகளால் வந்தது.

இவற்றைப் படித்துவிட்டு, 'பிறகென்ன, எல்லாரையும் ஒப்பந்தத்தில் போடலாமே' என்று நிதித்துறையில் யாராவது கணக்குப் போட்டால் அவருக்குக் கென்யாவை மறுபடி காட்ட வேண்டும். தொண்டு நிறுவனம் நடத்தியபோது அங்கே ஒப்பந்த ஆசிரியரால் பிள்ளைகளின் மதிப்பெண் ஏறியது. அதையே அரசு எடுத்து நடத்திய பள்ளிகளில் ஏற்றம் காணாமல் போனது. தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கென்று மாதம் 5,000 ரூபாயில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். 2023இல் அந்தத் தொகை 12,500 என்று அறிவிக்கப்பட்டபோது பதினோரு ஆண்டு ஓடியிருந்தது. தற்காலிகம் என்ற முடிச்சு இரண்டு மூன்று ஆண்டுக்கு இழுக்கும். பத்தாண்டு கடந்தால் அது வெறும் குறைந்த கூலி.

பணத்தாசை உள்ளவர்கள் வந்து தொழிலைக் கெடுத்துவிடுவார்களா என்ற கவலை ருவாண்டாவில் சோதிக்கப்பட்டது. 2016இல் சில மாவட்டங்களில் ஆசிரியர் பணி விளம்பரத்திலேயே செயல்திறனுக்கு ஏற்ற ஊக்கத்தொகை உண்டு என்று அச்சிட்டார்கள். வேலைக்கு வந்தவர்கள் கையில் 2,000 ஃபிராங் கொடுத்து, எவ்வளவை மாணவர்களின் எழுதுபொருளுக்குத் தருவீர்கள் என்று கேட்டார்கள். ஊக்கத்தொகை விளம்பரம் பார்த்து வந்தவர்கள் கொஞ்சம் கருமிகளாகத்தான் இருந்தார்கள். வகுப்பில் அவர்கள் மற்றவர்களுக்குக் குறைந்தவர்களாக இல்லை. இரண்டாம் ஆண்டில் அந்தத் திட்டத்தால் பிள்ளைகளுக்கு 0.20 ஏறியது, ஆசிரியர் வருகை 8 சதவீதப் புள்ளி ஏறியது. தொண்டு மனம் நல்லதுதான், அது இல்லாதவருக்கும் பாடம் நடத்த வரும்.

இரு கணக்கையும் கலக்காமல்

இந்தோனேசியக் கணக்கைப் படித்துச் சம்பள உயர்வே வீண் என்று முடிவுகட்டுவது தவறு. அங்கே 360 பள்ளிகளில் நடந்த ஆய்வில் ஆசிரியர்களின் பணக்கஷ்டம் குறைந்தது, இரண்டாவது வேலைக்குப் போவது குறைந்தது, வேலை திருப்தி கூடியது. இவை எல்லாம் நடந்தும் மாணவர் மதிப்பெண் அசையவில்லை. ஒரு மனிதருக்குக் கடன் தொல்லை தீர்வது அதனளவிலேயே நல்ல காரியம். பிள்ளைகள் படிப்பார்கள் என்று சொல்லி அதை விற்றதுதான் பிழை.

தமிழ்நாட்டு இடைநிலை ஆசிரியர்களின் வழக்கும் அப்படித்தான். 2009 மே 31க்குள் பணியில் சேர்ந்தவருக்கு அடிப்படை ஊதியம் அன்றைய விகிதத்தில் 8,370. ஒரு நாள் கழித்து ஜூன் 1இல் சேர்ந்தவருக்கு 5,200. அதே பயிற்சி, அதே வகுப்பு, 3,170 ரூபாய் வித்தியாசம். எட்டாயிரத்து முந்நூற்றெழுபதும் ஐயாயிரத்து இருநூறும் ஒரே மேசையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தன. சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு அவர்கள் சென்னையில் உட்கார்ந்தது நியாயக் கணக்கு. அதைக் கொடுக்க மதிப்பெண் ஏற வேண்டும் என்று யாரும் நிபந்தனை போடக் கூடாது, கொடுத்துவிட்டால் மதிப்பெண் ஏறும் என்று யாரும் வாக்குறுதியும் தரக் கூடாது.

சரி, ஆந்திரக் கணக்கை இங்கே எழுதினால் எவ்வளவு ஆகும்? 20,600 ரூபாய் அடிப்படையில் தொடங்கும் இடைநிலை ஆசிரியருக்கு ஆண்டுக்கு 2,47,200. அதில் 3 சதவீதம் 7,416, மாதத்துக்கு 618 ரூபாய். ஆந்திர ஆசிரியர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இந்த முறையை வரவேற்றார்கள் என்பதால் எதிர்ப்பும் நாம் பயப்படும் அளவுக்கு வராமல் போகலாம்.

பெரிய செலவு தேர்வு நாளில் இருக்கிறது. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் விரிந்தபோது கணக்கில் வந்த அரசுத் தொடக்கப் பள்ளிகள் 31,008. ஆந்திராவில் செய்தது போல ஒரு பள்ளிக்கு வெளியாட்கள் ஐந்து பேர், ஒரே ஒரு நாள் என்று வைத்தாலே 1,55,040 ஆள்நாட்கள். ஆண்டுத் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் சேர்த்தால் 3,10,080. விடைத்தாள் திருத்தும் கூலி, பயணப்படி இதில் சேரவில்லை. இந்தச் செலவை மிச்சம் பிடிக்க அந்தந்தப் பள்ளி ஆசிரியரையே தேர்வு வைத்துத் திருத்திக்கொள்ளச் சொன்னால், 618 ரூபாயும் சேர்ந்து போய்விடும்.